காற்று வேலைக்கு ஆள் பிடிப்பது

தண்ணீர்க் குழாய்க்கு பிளம்பர், ஒயருக்கு எலக்ட்ரீஷியன் என்று கைகாட்ட எந்த ஊரிலும் ஆள் உண்டு. காற்றுக்கு அப்படி ஒருவர் இல்லை. தமிழ்நாட்டு நகரங்களில் அந்த வேலை ஐந்தாறு பேரிடம் சிதறிக் கிடக்கிறது. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை எலக்ட்ரீஷியன் மாட்டுகிறார். சிம்னியை, அதை விற்ற கடையின் சர்வீஸ் ஆள் வந்து பொருத்துகிறார். சுவரில் வட்டமாகத் துளை போடும் கோர் கட்டிங் ஆள் தனி. ஹோட்டல் சமையலறையின் ஹூடும் டக்ட்டும் தகரப் பட்டறைக்காரர் கையில். ஏசி டக்ட் போடுகிறவர் அலுவலகங்களுக்கு வெளிக்காற்று கொண்டுவரும் வேலையையும் சேர்த்து எடுப்பார். ஷெட்டின் கூரைமேல் சுழலும் டர்போ வென்டிலேட்டரைப் பெரும்பாலும் ரூஃபிங் ஷீட் போடுகிறவர்களே ஏற்றிவிட்டுப் போகிறார்கள். இவர்களில் மிகுதியானவர்கள் காற்றைத் தள்ளும் பொருளை விற்கிறவர்கள். காற்று எங்கிருந்து வந்து எங்கே போகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் குறைவு. அந்தக் குறைவானவர்களில் ஒருவரைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆளைத் தேடுமுன் வேலை எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. சுவரில் துளை, அதில் ஃபேன், அந்தப் பக்கம் திறந்த வெளி என்றால் அது எலக்ட்ரீஷியன் வேலைதான். அதற்குப் பெரிய ஒப்பந்ததாரர் தேவையில்லை. நடுவில் குழாய் வந்துவிட்டால் கதை மாறிவிடும். கடையில் கிடைக்கும் 6 அங்குல, 9 அங்குல, 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன்கள் இறக்கையால் காற்றைத் தள்ளுகிறவை. தடையில்லாத இடத்தில் அவை நிறையக் காற்றை வெளியேற்றும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதும் அந்த நிலையின் அளவுதான். அதே ஃபேனுக்குப் பின்னால் இருபதடிக் குழாயும் இரண்டு வளைவும் வைத்தால் மோட்டார் சுற்றும், சத்தம் வரும், காற்று போகாது. குழாய் வழியே காற்றை அழுத்தித் தள்ள நத்தைக்கூடு வடிவில் உறை போட்ட புளோயர் வேண்டும். "இதே ஃபேனிலேயே பைப் மாட்டிக்கலாம் சார்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு வணக்கம் சொல்லி அனுப்பிவிடலாம்.

அடுத்தது அளவு. இதை வீட்டுக்காரரே ஒரு துண்டுத்தாளில் போட்டுவிடலாம். அறையின் காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை முழுதாக மாற வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு. வீட்டுச் சமையலறைக்கு 15 முதல் 20 முறை, குளியலறைக்கு 6 முதல் 10 முறை என்று வைத்துக்கொள்வது வழக்கம். எட்டடி அகலம், பத்தடி நீளம், பத்தடி உயரம் கொண்ட சமையலறையில் 800 கன அடிக் காற்று இருக்கிறது. அதை 15 முறை மாற்ற மணிக்கு 12,000 கன அடி, அதாவது நிமிடத்துக்கு 200 கன அடி. தொழிலில் இதைத்தான் 200 சி.எஃப்.எம். என்கிறார்கள். ஃபேன் பெட்டிகளில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருந்தால், ஒரு சி.எஃப்.எம். என்பது ஏறத்தாழ 1.7 கன மீட்டர், ஆக 340. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம் விற்கிறவரின் பேச்சே வேறாக இருக்கும்.

ஆனால் கணக்கில் வராத ஒன்று உண்டு, பெரும்பாலான வேலைகள் அங்கேதான் கெடுகின்றன. வெளியே போகிற அளவுக்கு உள்ளே வர வேண்டும். 200 சி.எஃப்.எம். ஃபேனை மாட்டிவிட்டு, ஏசி குளிர்ச்சி போய்விடும் என்று கதவு ஜன்னல்களை அடைத்தால் ஃபேன் வெறுமனே சுற்றும். கதவைத் திறக்கும்போது இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால் காரணம் இதுதான். குளியலறைக் கதவின் அடியில் முக்கால் அங்குலம் இடைவெளி விடுவதோ, கதவின் கீழ்ப்பகுதியில் சரிவுப் பலகைகள் வைப்பதோ போதும். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரமும் வெப்பமும் சேர்ந்த பகுதிகளில் அறைத்தளப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குத் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது. வறண்ட வெப்பப் பகுதிகளுக்குப் பத்தில் ஒன்று. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஆறில் ஒன்று என்றால் 20 சதுர அடி. செட்டிநாட்டு வீட்டின் முற்றமும், பழைய வீடுகளில் கதவுக்கு மேலே இருந்த சின்ன வென்டிலேட்டரும் இந்தக் கணக்கை மின்சாரம் இல்லாமலே முடித்துவைத்தன. சூடான காற்று மேலே ஏறி வெளியேற, கீழிருந்து புதுக்காற்று தானாக வரும். ஃபால்ஸ் சீலிங் போட்டபோது அந்த வென்டிலேட்டர்களை அடைத்த வீடுகளில்தான் இப்போது எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இடம் தேடுகிறார்கள்.

உள்ளே வரும் காற்றை மறந்தால் வசதி மட்டும் கெடாது, உயிரும் போகும். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்து, ஜன்னல் மூடியிருந்தால், எரிவாயு எரிய ஆக்சிஜன் போதாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. அதே அறையில் எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டால் ஆபத்து கூடவும் செய்யலாம்: ஃபேன் இழுக்கும் காற்றுக்கு வேறு வழி இல்லாதபோது கீசரின் புகைக்குழாய் வழியே போக வேண்டிய புகை திரும்பி அறைக்குள்ளேயே இறங்கும். கீசரைக் குளியலறைக்கு வெளியே வைக்கச் சொல்வதே சரியான ஆலோசனை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கசிந்தால் தரையோடு தேங்கும். உச்சியில் இருக்கிற ஃபேன் அதை எடுக்காது, சுவிட்சைத் தட்டினால் பொறிதான் கிளம்பும். இன்வெர்ட்டர் பேட்டரியின் கதை நேர்மாறு. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் மேலே ஏறும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். பேட்டரி அலமாரிக்கு உச்சியில் திறப்பு வேண்டும். வீட்டைப் பார்க்க வருகிறவர் கீசரும் சிலிண்டரும் பேட்டரியும் எங்கே என்று கேட்காமல் போனால், அவருக்கு இந்த வேலை முழுதாகத் தெரியவில்லை என்றே கொள்ளலாம்.

சிம்னியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடுப்புக்கு மேலே இரண்டரை அடி உயரத்துக்குள், 6 அங்குலக் குழாய், கூடியவரை நேராகவும் குட்டையாகவும். விற்பனைக் கடையில் 1,200, 1,400 என்று உறிஞ்சும் திறனைச் சொல்லி விலை ஏற்றுவார்கள். அந்த 6 அங்குலக் குழாயை 4 அங்குலமாகச் சுருக்கி, மூன்று வளைவு வைத்து முடித்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. குழாயே இல்லாத, கரி வடிகட்டி வைத்த சிம்னி எண்ணெயையும் வாடையையும் ஓரளவு பிடிக்கும். சூட்டையும் ஈரத்தையும் சமையலறைக்கே திருப்பிக் கொடுக்கும். கடுகு தாளிக்கிற வீட்டுக்கு அது ஏற்றதல்ல.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வேறொரு சிக்கல். கழிவறைகளின் ஃபேன்கள் எல்லாம் ஒரே ஷாஃப்ட்டுக்குள் ஊதுகின்றன. முதல் மாடிக்காரர் ஃபேன் போட்டால் மூன்றாம் மாடிக்காரர் வீட்டில் வாடை அடிக்கும். ஒவ்வொரு ஃபேனுக்கும் பின்னால், காற்று அடிக்கும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் ஷட்டர் வைத்தால் பெரும்பகுதி தீரும். வெளிச்சுவரில் கோர் கட்டிங் போட அசோசியேஷன் அனுமதி வாங்க வேண்டும். பீமிலோ தூணிலோ துளை போடக் கூடாது என்று வேலைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கம்பியை அறுத்துவிட்டால் அது காற்றுப் பிரச்சினையாக இருக்காது.

திசையும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் மேற்கிலிருந்து விசிறி அடிக்கும். அங்கே மேற்குச் சுவரில் ஃபேனை வைத்தால் அது ஆடிக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். சென்னையில் பிற்பகலுக்கு மேல் வீசும் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. அந்தப் பக்கத்தை உள்ளே வருவதற்கு விட்டுவிட்டு, வெளியேற்றுவதை மேற்கில் வைப்பது சரி. உள்ளூர் ஆளைத் தேடுவதில் உண்மையான லாபம் இதுதான்: தன் ஊர்க் காற்று எப்போது, எங்கிருந்து அடிக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரியும்.

வீட்டு வேலையில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் எரிச்சலோடு முடியும். ஹோட்டல் சமையலறையில் நேர்ந்தால் வியாபாரமே நிற்கும். சமையல்காரர் சூடு தாங்காமல் போய்விடுவார், புகை சாப்பிடுகிறவர் கண்ணில் படும், மேல்வீட்டுக்காரர் மாநகராட்சிக்கு மனு எழுதுவார். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணையும் சமையல் இடத்துக்குப் போதுமான காற்றோட்டத்தைக் கேட்கிறது. எனவே இந்த வேலையை மலிவாக முடிக்கப் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு முறை செலவழிப்பதில் போய் முடியும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். தோசைக்கல், மூன்று பர்னர் அடுப்பு எல்லாம் சேர்ந்து எட்டடி நீளம், மூன்றடி அகலத்தில் சுவரோரமாக நிற்கின்றன. ஹூட் அடுப்பு வரிசையைவிட ஒவ்வொரு பக்கமும் அரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புகை ஓரமாக நழுவும். ஆக ஒன்பதடி நீளம், நாலடி அகலம், 36 சதுர அடி. பட்டறைக் கணக்கில் சதுர அடிக்கு 80 முதல் 100 சி.எஃப்.எம். வைப்பார்கள். ஏறத்தாழ 3,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டக்ட்டில் காற்று நிமிடத்துக்கு 1,500 அடி வேகத்தில் போனால் 2 சதுர அடி குறுக்குவெட்டு தேவை: 18 அங்குலத்துக்கு 16 அங்குலம். இங்கே இடமில்லை என்று சொல்லி 12-க்கு 12 டக்ட்டைப் போட்டால், அதே காற்றுக்கு வேகம் இரு மடங்காகும். உராய்வுத் தடையோ நான்கு மடங்குக்கும் மேலே போகும். புளோயரால் அதை வெல்ல முடியாது. காற்று குறையும், இரைச்சல் கூடும். அப்போது "மோட்டாரைப் பெரிசாப் போட்டுடலாம் அண்ணே" என்ற யோசனை வரும். காற்றின் அளவு சுழல்வேகத்தோடு நேராகக் கூடுகிறது. மின்சாரச் செலவு அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். கூட்டினால் அதே கணக்கு எதிர்ப்பக்கம் அடிக்கும். மாதாமாதம் மின்கட்டணம் கட்டுகிறவர் கடைக்காரர்தான், பட்டறைக்காரர் அல்ல.

வெளியேற்றும் 3,000-இல் ஏறத்தாழ எண்பது சதவீதத்தை இன்னொரு புளோயர் உள்ளே கொண்டுவர வேண்டும். மீதி, சாப்பாட்டுக்கூடத்திலிருந்து வரட்டும். அப்போதுதான் சமையல் வாடை கூடத்துக்குள் போகாது. சின்ன ஹோட்டல்களில் இந்த இரண்டாவது புளோயரைத்தான் முதலில் வெட்டுவார்கள். விளைவு, கூடத்தின் ஏசி குளிர்ச்சி முழுவதும் ஹூட் வழியாக மொட்டைமாடிக்குப் போகும்.

எண்ணெய்ப் புகை போகும் டக்ட் என்பது நெருப்புக்குத் திரி வைத்த மாதிரி. உட்பக்கம் படியும் கொழுப்பு ஒரு பெரிய சுவாலையில் பற்றிக்கொண்டால் மாடிவரை போகும். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 96 என்ற தீத்தடுப்புத் தரம், இத்தகைய குழாயை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில், கசியாதபடி முழுவதும் பற்றவைத்துச் செய்யச் சொல்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் 22, 24 கேஜ் ஜி.ஐ. தகட்டை மடித்து இணைப்பதே சாதாரணம். இணைப்புகளில் எண்ணெய் வழிந்து சுவரில் கோடு விழுந்திருக்கும் ஹோட்டல்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். குறைந்தபட்சம் ஒவ்வொரு வளைவிலும் திறந்து துடைக்க ஒரு கதவு, ஹூடில் கழற்றிக் கழுவும் பேஃபிள் வடிகட்டி, வழியும் எண்ணெய் சேரத் தட்டு ஆகியவற்றைக் கேட்டுவாங்க வேண்டும். டக்ட்டுக்குள் மின்கம்பி எதுவும் ஓடக் கூடாது. வெளியேறும் வாய் மேல்மாடி ஜன்னலுக்கு நேரே இருந்தால் சண்டை நிச்சயம். கூரைக்கு மேலே ஏற்றுவதற்கு ஆகும் செலவு அந்தச் சண்டையைவிடக் குறைவு.

தகட்டில்தான் ஏமாற்று அதிகம். 22 கேஜ் என்றால் 0.8 மி.மீ., 24 கேஜ் என்றால் 0.63 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மேலே சொன்ன டக்ட்டின் சுற்றளவு ஐந்தே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. நாற்பதடி நீளத்துக்கு ஏறத்தாழ 227 சதுர அடி வரும். 22 கேஜில் அதன் எடை 130 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, 24 கேஜில் 105 கிலோவை ஒட்டி. வண்டியில் ஏற்றுமுன் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். ஹூடுக்கு 304 ரக எஸ்.எஸ். என்று எழுதிவிட்டு 202 போடுவதும் நடக்கிறது. நிக்கல் குறைந்த 202, கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை, இரண்டிலுமே பெரிதாக ஒட்டாது. பழைய இரும்புக் கடைக்காரர்கள் ஒரு சொட்டுத் திரவமும் சின்ன பேட்டரியும் வைத்து நிறம் மாறுவதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அந்தச் சோதனையைச் செய்யப்போவதாக முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்ல பலன் தரும்.

ஷெட், கோடௌன், தையல் யூனிட் போன்ற இடங்களில் காற்றை மாற்றுவதைவிடச் சூட்டை வெளியேற்றுவதே முதல் வேலை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தன் 13-ஆம் பிரிவில் காற்றோட்டத்தையும் வெப்பநிலையையும் கவனிக்கச் சொன்னது. கூரையில் சுழலும் டர்போ வென்டிலேட்டருக்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் சுவரின் கீழ்ப்பகுதியில் திறப்பு இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம். தண்ணீர் நனைந்த பட்டை வழியே காற்றைக் குளிர்வித்து டக்ட்டில் அனுப்பும் கூலர்கள் கோவை, மதுரை போன்ற உள்மாவட்டங்களின் வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும். சென்னையின் கடலோர ஈரத்தில் அதே கூலர் பிசுபிசுப்பைக் கூட்டுமே தவிர குளிர்ச்சி தராது. இரண்டு ஊரிலும் ஒரே கொட்டேஷனை நீட்டுகிறவர் விற்பனையாளர்.

இனி, ஆள் எங்கே கிடைப்பார். விளம்பரத்தைவிட நம்பத் தகுந்த வழி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலையைப் பார்ப்பது. புதிதாகத் திறந்த ஹோட்டலில் எல்லாமே பளபளப்பாக இருக்கும். இரண்டு வருடம் ஓடிய ஹோட்டலின் சமையலறையில் பத்து நிமிடம் நின்றால் யார் செய்த வேலை நிலைத்தது என்று புரியும். முதலாளியைவிட மாஸ்டரிடம் கேட்பது மேல், அந்தப் புகையில் நிற்கிறவர் அவர்தான். தகர வேலைக்கு அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளிலும் கோவையின் பட்டறைகளிலும் நேரடியாகச் செய்துதருகிறவர்கள் உண்டு; இடைத்தரகர் இல்லாமல் போனால் தகட்டை நேரில் பார்த்து வாங்கலாம். பெரிய வேலைக்கு, 1981-இல் தொடங்கிய இஷ்ரே என்ற குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் கிளைகள் வழியாகக் கணக்குப் போடும் பொறியாளரைத் தேடிப் பிடிக்கலாம். அவர் கணக்கையும் வரைபடத்தையும் தருவார், செய்வதற்குப் பட்டறை வேறாக இருக்கும். இரண்டையும் பிரித்துக் கொடுத்தால் ஒருவரை ஒருவர் கண்காணிப்பார்கள். பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். 15 இலக்கத்தில் முதல் இரண்டும் 33 என்றால் தமிழ்நாட்டுப் பதிவு.

போனிலேயே விலை சொல்கிறவரை ஒதுக்கிவைக்கலாம். "சைட் பார்க்காம ரேட் சொல்ல முடியாதுங்க" என்பவர் ஒருபடி மேல். வந்ததும் டேப்பை எடுத்து அளந்து, அடுப்பு எத்தனை, எத்தனை மணி நேரம் எரியும், பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், பின்பக்கம் யாருடைய இடம் என்று கேட்கிறவர் அதற்கும் மேல். எல்லாவற்றுக்கும் முன்னால், "உள்ளே காத்து எந்த வழியா வருது?" என்று கேட்டாரானால் தேடல் அங்கே முடிந்தது எனலாம். மற்ற கேள்விகளை அனுபவம் சொல்லிக்கொடுத்துவிடும். இதைக் கேட்பவருக்குத்தான் காற்று ஒரு சுற்றாக ஓடுவது தெரியும்.

கொட்டேஷனில் "எக்ஸாஸ்ட் சிஸ்டம் முழுவதும்" என்று ஒரே வரியில் தொகை இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எத்தனை சி.எஃப்.எம்., எவ்வளவு அழுத்தத்தில், புளோயர் யாருடையது, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், தகடு என்ன கேஜ், டக்ட் எத்தனை சதுர அடி, கோர் கட்டிங்கும் சுவர்ப் பூச்சும் யார் பொறுப்பு, மின்கம்பி யார் இழுப்பது என்று தனித்தனியாக வர வேண்டும். டக்ட்டை சதுர அடிக்குத்தான் கணக்கிடுவார்கள்; வளைவுகளையும் இணைப்புகளையும் எப்படி அளப்பது என்பதை முதலிலேயே பேசிவிட்டால் கடைசியில் முகம் சுளிக்க வேண்டியதில்லை. மூன்று பேரிடம் வாங்கி ஒப்பிடும்போது தொகையைப் பார்ப்பதற்கு முன் சி.எஃப்.எம்.-ஐப் பார்க்க வேண்டும். பாதிக் காற்றுக்குப் பாதி விலை கேட்பவர் மலிவானவர் அல்ல. அட்வான்ஸ் ஒரு பங்கு, சரக்கு வந்து இறங்கியதும் ஒரு பங்கு, ஓட்டிப் பார்த்ததும் ஒரு பங்கு என்று பிரித்து, அந்தக் கடைசிப் பங்கை நிறுத்திவைக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது என்றால் சுவிட்சைப் போட்டுச் சத்தம் கேட்பது அல்ல. எல்லா அடுப்பையும் எரியவிட்டு, ஹூடின் ஓரத்தில் கொளுத்திய ஊதுபத்தியைப் பிடித்தால் புகை உள்ளே வளைந்து போக வேண்டும். நான்கு மூலையிலும் அப்படிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மூலையில் தயங்கினால் அங்கே காற்று போதவில்லை. வீட்டுக் குளியலறையில், மூடிய கதவின் அடியில் ஒரு டிஷ்யூ தாளை நீட்டினால் உள்பக்கம் இழுபட வேண்டும். காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் கையடக்கமானது, விலையும் அதிகமில்லை. அதைத் தன் பையில் வைத்திருக்கும் ஒப்பந்ததாரர் ஹூடின் முகத்தில் ஏழெட்டு இடத்தில் அளந்து, சராசரியைப் பரப்பால் பெருக்கி, பேசிய 3,000 வருகிறதா என்று காட்டுவார். வராவிட்டால் பெல்ட் புல்லியை மாற்றியோ டேம்பரைத் திருத்தியோ சரிசெய்ய அவருக்கு இடம் கொடுக்க வேண்டும். முதல் ஓட்டத்திலேயே கணக்கு அப்படியே வந்துவிடுவது அபூர்வம்.

பிறகு பராமரிப்பு. வீட்டு ஃபேன் இறக்கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் காற்று குறையும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைப்பது வீட்டுக்காரர் வேலை. ஹோட்டலில் பேஃபிள் வடிகட்டியை தினமும் இரவு கடை அடைத்த பின் சுடுநீரில் கழுவ வேண்டும். டக்ட்டின் உட்பக்கத்தை நாள் முழுவதும் எண்ணெயில் பொரிக்கும் கடைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் திறந்து சுரண்ட வேண்டும். பெல்ட், பேரிங், மோட்டார் காயில் இவற்றுக்கு வருட ஒப்பந்தம் போடும்போது, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பதை எழுதி வாங்குவது அவசியம். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் புளோயர் நின்றால், திங்கட்கிழமை வருகிறேன் என்பவரால் ஹோட்டலுக்கு ஒரு பயனும் இல்லை.